நெஞ்சுவலி ஒத்திகை

மயங்கி விழுவதற்கு வீட்டில் தோதான இடம் அமையவில்லை.

குமாஸ்தா முதலில் கூடத்தின் நடுவில் படுத்துப் பார்த்தார். மனைவி துடைப்பத்தோடு வந்து, "இப்பத்தான் பெருக்க ஆரம்பிச்சேன். கொஞ்சம் தள்ளி விழுங்க" என்றாள். எழுந்து சுவரோரமாகப் போய் விழுந்தார். அங்கே மாமனாரின் சாய்வு நாற்காலி இருந்தது. அதில் மாமனாரும் இருந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க பிடிச்சிட்டிருக்கிறது வயிறு."

"நெஞ்சைத்தான் பிடிச்சிருக்கேன் மாமா."

"நெஞ்சு அதுக்கு மேல. எனக்கு வந்தப்போ தாடை வரைக்கும் இழுத்துது. மூச்சு விடக்கூட சத்தம் வரலை. நீங்க என்னடான்னா ஊரைக் கூட்டுறீங்க."

குமாஸ்தா முனகலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

நகராட்சி அலுவலகத்தில் சாலைப் பிரிவில் உட்கார்ந்து உத்தரவுகளைத் தட்டச்சு செய்வது அவர் உத்தியோகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது ஆஸ்பத்திரி கட்டி முடித்ததிலிருந்து கமிஷனருக்கு ஒரே யோசனை. அங்கே எல்லா வசதியும் இருக்கும்போது இந்தக் கரையில் பழைய வார்டு எதற்கு? மூடிவிடலாம். ஆனால் நெஞ்சுவலி என்று விழுந்த ஒருவரைப் பாலம் தாண்டி அரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்க முடியும் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். அதற்கு ஓர் ஒத்திகை. ஒத்திகைக்கு ஒரு நோயாளி.

"ஏன் சார், நானா?" என்று கேட்டிருந்தார் குமாஸ்தா.

"உங்க முகத்துக்கு வேஷமே வேண்டாம். அப்படியே படுத்தாப் போதும்."

"மத்தவங்களுக்கெல்லாம் விஷயம்..."

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லியாச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கொண்டுபோய்ப் போடற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதைத்தான் அவர் நன்றாகக் கற்றிருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மனது என்னவோ செய்தது. பழைய வார்டு அவர் தெருக்கோடியில்தான் இருந்தது. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த அன்று அவரை இதே சாய்வு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு குமாஸ்தாவும் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் ஓடினார்கள். செருப்புப் போடக்கூட நேரமில்லை; தேவையும் படவில்லை. அந்த வார்டு மட்டும் அங்கே இல்லாதிருந்தால், நெஞ்சு எங்கே இருக்கிறது என்று சொல்லித்தர இன்று மாமனார் இருந்திருக்க மாட்டார்.

மனைவி துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"ஆம்புலன்ஸா? எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஆமா, விழுந்துட்டார். எங்கேயா? சுவரோரமா." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓ, தெருவா? தையல்கடைத் தெரு, மாடி வீடு."

வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டது. தெருவின் குறுக்கே சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் இருந்தது. தோண்டச் சொன்ன உத்தரவு குமாஸ்தாவின் பிரிவிலிருந்து போனது. மூடச் சொல்லும் உத்தரவு இன்னும் போகவில்லை.

கடைசியில் டிரைவரும் நர்ஸும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறி, முழங்கால் வரை சேறோடு மாடிக்கு வந்தார்கள். மனைவி பெருக்கிய கூடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

குமாஸ்தா அரைக்கண்ணால் நர்ஸைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். நாமெல்லாம் ஒரே நாடகக் குழு என்கிற அர்த்தத்தில். நர்ஸ் சட்டென்று குனிந்து அந்தக் கண்ணை விரித்துப் பிடித்து டார்ச் அடித்தாள். கண்டிப்பான பெண் போலிருக்கிறது என்று அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மாடிப்படி திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், குமாஸ்தா வழுக்கினார். நிமிர்த்திப் பார்த்தார்கள், கால் சுவரில் மாட்டிக்கொண்டது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து மாமனாரின் வேட்டியால் கட்டி இறக்கினார்கள். நாற்காலிக்கு ஒரு கால் ஏற்கெனவே பலவீனம். நாலு படி மிச்சமிருக்கும்போது அது விடைபெற்றுக்கொண்டது. குமாஸ்தாவின் நெற்றி கைப்பிடிச் சுவரில் மோதியது. மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மடங்கியது.

"நீங்க கூட வரலையாம்மா?" என்று வாசலில் நர்ஸ் கேட்டாள்.

"அப்பாவைத் தனியா விட முடியாது. அடுப்புல பாலும் இருக்கு" என்றாள் மனைவி. "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவார் இல்ல?"

நர்ஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குமாஸ்தாவை மறுபடி பள்ளத்துச் சேற்றில் இறக்கி ஏற்றி வண்டியில் சேர்த்தார்கள்.

வண்டி தெருக்கோடியைக் கடக்கும்போது நர்ஸ் முன்பக்கம் குனிந்து, "பழைய வார்டுலயே இறக்கிடலாமா? கேட்டு திறந்துதான் இருக்கு" என்றாள்.

"நெஞ்சுவலின்னா புது ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு இந்த வாரத்துல இருந்து உத்தரவு சிஸ்டர். இங்க சேர்த்துக்க மாட்டாங்க" என்றார் டிரைவர்.

ஒத்திகையிலேயே குறுக்குவழி தேடுகிறாளே என்று குமாஸ்தா வருத்தப்பட்டார். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

பாலத்தின் வாயிலில் வண்டி மறுபடி நின்றது. மணல் லாரிகள் ஏறாமலிருக்கக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அந்த உத்தரவில் அதன் உயரத்தைக் கடைசிப் பூச்சியம் வரை ஒழுங்காகத் தட்டச்சு செய்தவர் குமாஸ்தாதான். மினிபஸ்கள் நுழைகிற அளவுக்கு வைத்த உயரம் அது; அப்போது இந்த உயரமான புது ஆம்புலன்ஸ் வாங்கப்படவில்லை.

"நாலு விரல் இடிக்குது சிஸ்டர்."

"அக்கரை வண்டியைக் கூப்பிடுங்களேன்."

"அது பட்டறையில கிடக்கு."

பின்னால் நின்ற மினிபஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டயர்ல காத்தை இறக்குங்க. தானாப் போகும்" என்றார்.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாலு டயரிலும் காற்றை இறக்கினார்கள். வண்டி நாலு விரல் தணிந்து கம்பிக்கு அடியில் நுழைந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நடுப்பாலம் வரை கடகடவென்று போனது. அதற்கு மேல் டயர் தனியாகவும் சக்கரம் தனியாகவும் போகப் பார்த்தன. டிரைவர் வண்டியை நிறுத்தினார். குறுகலான பாலம்; பின்னால் வந்த பஸ்களும் நின்றன. காற்றுப் பிடிக்கும் கடை வந்த வழியில், பஸ்களுக்கும் அப்பால் இருந்தது.

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து ஆம்புலன்ஸைச் சூழ்ந்தார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

"தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க."

"பாவம், சின்ன வயசு."

குமாஸ்தாவுக்கு ஐம்பத்து நாலு வயது. முகத்தில் சேறு அப்பியிருந்ததால் தெரியவில்லை போலும். எவளோ ஒருத்தியின் தோளில் ஒரு குழந்தை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. இவளும் புது ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். ஒரு நாடகத்துக்காக நிஜமான குழந்தையை வெயிலில் நிறுத்திவைத்திருக்கிறோமே என்று அவர் மனது கூசியது. எழுந்து, எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிடலாமா? வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. அவர் திறக்கவில்லை.

எதிர்ப்புறத்திலிருந்து மீன் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்தது. டிரைவர் ஓடிப்போய் மறித்தார். அவரும் அந்த ஆட்டோக்காரரும் என்னவோ கைநீட்டிப் பேசினார்கள். ஆட்டோ திரும்பி நின்றது. குமாஸ்தாவைத் தூக்கி ஐஸ் பெட்டிகளின் மேல் கிடத்தினார்கள். நர்ஸும் டிரைவரும் பக்கத்தில் தொற்றிக்கொண்டார்கள். குழந்தைக்காரியும் முன்னால் ஏறிக்கொண்டாள். அதில் மட்டும் அவருக்கு நிம்மதி.

பாலத்தின் மறுமுனை வருவதற்குள் முதுகு மரத்துப்போனது. பல் கிட்டித்தது. நர்ஸ் அவர் கையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் அவர் நெஞ்சில் வைத்துத் தன் முழு எடையோடு அழுத்த ஆரம்பித்தாள்.

மூன்றாவது அழுத்தலில் விலா எலும்பில் ஏதோ சொடுக்கிட்டது.

உத்தரவை மீறி, "போதும்மா" என்றார் குமாஸ்தா.

"பேசாதீங்க சார். தெம்பைச் சேர்த்து வைங்க" என்று இன்னும் பலமாக அழுத்தினாள். அவள் மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. இவ்வளவு சிரத்தையாக நடிக்கிற பெண்ணுக்கு எப்படியும் ஒரு பாராட்டு வாங்கித்தர வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். டிரைவரையும் வண்டியையும் பற்றித்தான் அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம் வரவில்லை. ஆனாலும் ஒத்திகைதானே? ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு யார்தான் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள்? நிஜமான நோயாளி என்றால் கம்பியைக் கழற்றியிருப்பார்கள், வேறு வண்டி வந்திருக்கும், ஏதாவது செய்திருப்பார்கள். ஐஸின் மேல் படுத்துக்கொண்டு அவர் மாமனாரை நினைத்தார். அவருக்கென்றால் எல்லாம் வேறு மாதிரி நடக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி லோடு ஆட்டோவை உள்ளே விடவில்லை. "சரக்கெல்லாம் பின் கேட்டு" என்றார்.

"இது சரக்கில்லைய்யா, பேஷண்ட்" என்றார் டிரைவர்.

"மீன் நாத்தம் அடிக்குதே."

பின் கேட்டுக்குப் போனார்கள். அங்கே லிஃப்ட் இருந்தது. லிஃப்ட்டுக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை. சாய்தளத்துக்குச் சிமெண்ட் பூசி, ஈரம் காயட்டும் என்று கயிறு கட்டியிருந்தார்கள். டிரைவர் குமாஸ்தாவை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினார். இரண்டாவது மாடியில் ஒரு கட்டில் வந்தது. வெள்ளை விரிப்பு. டாக்டர் ஓடி வந்தார். கம்பிகளை ஒட்டினார், கருவியைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார், மறுபடியும் கருவியைப் பார்த்தார். "இதயம் நல்லாத்தான் இருக்கு. மத்ததெல்லாம்தான் சரியில்லை" என்று நெற்றியில் தையல் போட்டார். விலாவுக்குப் படம் எடுக்க ஏற்பாடு செய்யப் போனார்.

நர்ஸ் மணிக்கட்டில் கட்டுப் போட உட்கார்ந்தாள். டிரைவர் தரையில் சுவரோடு சாய்ந்து, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிந்தது. பாலத்தின் நடுவில் ஆம்புலன்ஸும், அதன் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை பஸ்களும் நின்றிருந்தன.

கட்டிலில் போட்டாயிற்று. இனி வாயைத் திறக்கலாம். குமாஸ்தா விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், டிரைவர் தம்பி, ரெண்டு பேரும் ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க. நான் யார்மேலயும் புகார் சொல்லப் போறதில்லை. ஒத்திகைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், எனக்குப் புரியுது."

நர்ஸின் கை கட்டுத்துணியோடு அப்படியே நின்றது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். எங்க வீட்ல பெரியவர் ஒருத்தர் இருக்கார். ஒரு தடவை வந்து பிழைச்சவர். அவருக்கு மறுபடி வந்தா, அப்போ நிஜமாவே வேகமா வந்துடுவீங்க இல்ல?"

நர்ஸ் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் சுவரைப் பிடித்து எழுந்தார். சட்டையெல்லாம் சேறும் மீன் செதிலுமாக இருந்தது. கட்டிலின் அருகே வந்து, குமாஸ்தாவின் முகத்தை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஒத்திகையா? நீங்க செத்துட்டிருக்கீங்கன்னு நெனச்சுத்தானே சார், நாங்க இவ்வளவு வேகமா வந்தோம்."