பூஜ்யம் மீட்டர் தாமிரபரணி

இருபத்தாறு வயதுவரை 'தெரியாது' என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் எழுதிய புரோகிராமையும் அப்படியே வளர்த்திருந்தேன்.

ஆற்றில் வரும் தண்ணீரின் அளவைக் கொடுத்தால், எந்த ஊரில் எவ்வளவு ஆழம் என்று கணக்கிடும் லைப்ரரி அது. (புத்தகம் அடுக்கும் லைப்ரரி அல்ல, மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைக்கும் புரோகிராம் தொகுப்பு.) ஒற்றை ஆறு என்றால் ஒழுங்காகச் சொல்லும். இரண்டு ஆறு சேரும் இடத்துக்கு நான் கணக்கே எழுதவில்லை. 'இங்கே இது வேலை செய்யாது' என்று ஒரு வரி காட்டச் செய்திருக்கலாம். கௌரவம் விடவில்லை. பூஜ்யம் காட்டும்படி எழுதிவிட்டு மறந்துபோனேன்.

வெள்ள எச்சரிக்கைக்கு இது உதவுமா என்று பார்க்க ஒரு பெண் பொறியாளர் வந்தார். செய்துகாட்ட இடம் ஏற்பாடு செய்தவர் என் அக்காள் கணவர். அவர் ஊர் சீவலப்பேரி. அங்கேதான் சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். (அன்றைக்கு மட்டும் மூளை விடுப்பில் இருந்தது.)

படித்துறையில் லேப்டாப்பைத் திறந்தேன். லைப்ரரியோடு கொடுத்திருந்த மாதிரி புரோகிராமில் ஊர்ப் பெயரை மாற்றி ஓடவிட்டேன். திரையில் வந்ததை அத்தான் பெருமையாக, ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்: "ஆழம், பூஜ்யம் மீட்டர்!"

கழுத்தளவு தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார்.

"ஏலே, அப்ப நான் எதுலலே நிக்கேன்?"

"ஆத்துல ஏதோ கோளாறு இருக்கும்" என்றேன். (ஆமாம், ஆற்றில்.)

பொறியாளர் புரோகிராமைக் காட்டச் சொன்னார். பூஜ்யம் காட்டும் வரிக்கு மேலே நானே எழுதி வைத்திருந்த குறிப்பைச் சத்தமாகப் படித்தார்: "ரெண்டு ஆறு சேர்ந்தால் பூஜ்யம் போடு. எவன் பார்க்கப் போறான்?"

படித்துறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, வெள்ளத்தன்னைக்கு இத நம்பி ஒருத்தர் இறங்கிட்டா? தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான?"

லேப்டாப்பை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினேன். இப்போது லைப்ரரி, 'இரண்டு ஆறு சேரும் இடத்துக்கு இந்தக் கணக்கு வராது' என்று சொல்லி நின்றுவிடும். மாதிரி புரோகிராமும் காரணத்தைக் காட்டிவிட்டு அந்த ஊரை விட்டு, மற்ற ஊர்களுக்குக் கணக்குப் போடும். பொறியாளர் ஏற்றுக்கொண்டார்.

அத்தான்தான் விடவில்லை. தச்சநல்லூரில் பெண் பார்க்கப் போன வீட்டில் என்னை அறிமுகப்படுத்தினார்: "நம்ம மாப்ள. தாமிரபரணிய ஒரே பட்டன்ல வத்த வச்சவரு."

உள்ளே ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைத்தான் கட்டியிருக்கிறேன். இன்றும் குழாயில் தண்ணீர் நின்றால் அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"ஏங்க, அந்தக் கம்ப்யூட்டர மொதல்ல மூடுங்க!"