அலமாக் அண்ணனின் குரல்

ரெங்கம் வட்டாரத்து மிளகாய்த் தோட்டக்காரர்களான நாங்கள் காட்டு யானைக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை; அலமாக் அண்ணனின் குரலுக்குத்தான் நடுங்கினோம்.

உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையில் வேலை பார்த்தவர். எங்களுக்கு ஆலோசனை சொல்லவென்று தானாகவே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். விடிந்ததும் அதில் குரல் வந்துவிடும், 'ஐயையோ' என்பதற்கு இங்குள்ள மலாய்க்காரர்கள் சொல்லும் 'அலமாக்'கோடு; அதுவே அவர் பெயராகிவிட்டது.

"அலமாக்! செடியில இலை சுருண்டிருக்கா? உடனே பிடுங்கிருங்க. இல்லன்னா தோட்டமே போச்சு லா!"

குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுவோம்.

வீடியோ இன்னும் மோசம். ஒருமுறை இலைப்பேனைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, பேய்ப்பட இசை சேர்த்து அனுப்பினார். சாப்பிட்டபடியே பார்த்த என் மனைவி லெட்சுமி, அலறிக் கைப்பேசியைச் சாம்பார்ச் சட்டியில் போட்டுவிட்டாள்.

"ஏண்ணே இப்படிப் பயமுறுத்துறீங்க?" என்று கேட்டேன்.

"நானே பயந்துகிட்டுதான் எடுக்குறேன். நான் மட்டும் ஏன் தனியா பயப்படணும்?"

ஒரு நாள் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது, முதுகில் மாட்டியிருந்த பம்ப் உடைந்து மருந்து முழுவதும் என்மேல் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது. வாயில் எச்சில் ஒழுக, வரப்பிலேயே விழுந்தேன். லெட்சுமி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வர நேரமாகும் என்றார்கள். அடுத்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாள்.

திரையில் அவர் முகம் வெளுத்துப்போனது. குரல் மட்டும் அசையவில்லை.

"அழாத லெட்சுமி. மொதல்ல கையுறை போடு. அவன் துணியெல்லாம் கழட்டு. சவுக்காரம் போட்டுத் தண்ணிய ஊத்திக்கிட்டே இரு. குடிக்க ஒண்ணும் குடுக்காத."

"எல்லாத் துணியுமாண்ணே?"

"எல்லாந்தான்! நான் கண்ண மூடிக்கிட்டேன்."

எனக்கு மூச்சு முட்டியது. பட்டப்பகல் வானம் கறுத்தது. இங்கேயே செத்துப்போவேன், இவள் ஒருத்தியாய் என்ன செய்வாள் என்று பயந்தேன்.

"டேய், நான் பேசறது கேக்குதா? கேட்டா விரல ஆட்டு. லெட்சுமி, ஆட்டுறானா? எனக்குத் தெரியல!"

"ஆட்டுறாருண்ணே!"

"அப்ப ஊத்து, நிறுத்தாத. போத்தல மறக்காம ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போ. என்ன மருந்துன்னு டாக்டருக்குத் தெரியணும்."

ஆம்புலன்ஸ் வரும்வரை கண்ணையும் திறக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

குளுவாங் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். பக்கத்துக் கட்டிலில் அலமாக் அண்ணன் படுத்திருந்தார், கையில் குளுக்கோஸ் ஏற்றும் ஊசியோடு.

"உங்களப் பாக்க வந்தவரு, வாசல்லயே மயங்கி விழுந்துட்டாரு" என்றாள் தாதி. "கூடப் பொறந்தவரா?"

"ஆமாம்மா" என்றேன்.