லூர்த்தம்மாவின் கால்கள்

"அம்மாவின்ரை கால் எங்கை?"

நோர்வேயிலிருந்து லூர்த்தம்மாவின் மகன் அருட்பிரகாசம் எழுதிய கடிதத்தில் அந்த வரியின் கீழே இரண்டு கோடுகள். ஸ்ரெல்லா அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் அப்படி எழுதியிருந்தான். அவள் எடுத்த முதல் வீடியோ அது. தன் கையாலேயே அந்தக் கால்களை வெட்டிவிட்டதுபோல் இருந்தது.

கமரா பழக்கிய ஸ்ரூடியோ செபநாயகம், கதை முகத்தில்தான் இருக்கிறது, கிட்டப் போ என்று சொல்லியிருந்தார். க்ளோசப்பை அவள் லூர்த்தம்மா வீட்டு விறாந்தைச் சுவரில் பார்த்துப் பழகினாள். மகன் அனுப்பிய நான்கு படங்கள் அங்கே தொங்கின. நாலிலும் சட்டம் நிறைய அவனுடைய சிரித்த முகம் மட்டும். அவளும் தாயின் முகத்தை இருபது நிமிடம் அப்படியே எடுத்து அனுப்பினாள். அது அவர்கள் ஊரான குருநகரில் ஷெல் விழுந்த மாதம்; கால் இல்லாத படம் மகனை என்ன நினைக்க வைக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் முறை தூரத்தில் நின்று, லூர்த்தம்மாவைக் கதிரையில் இருத்தி, தலை முதல் பாதம் வரை எடுத்தாள். பதில் வந்தது. கால் அசையவே இல்லையாம். கட்டைக் காலா என்று கேட்டிருந்தான். அடுத்த படத்திலும் சரியாகத் தெரியாவிட்டால் தானே புறப்பட்டு வருவானாம்.

"அவன் இஞ்சை வரக்கூடாது, பிள்ளை. வந்தால் திரும்பிப் போகேலாது. என்ரை காலை ஒழுங்கா எடு."

மூன்றாம் முறை முற்றத்தில் நடக்கவிட்டாள். படத்துக்கென்றே வாங்கிய புதுச் செருப்பு.

"மாமி, நொண்டாமல் நடவுங்கோ."

"நான் எங்கை நொண்டினனான்? செருப்புக் கடிக்குது."

"அண்ணைக்கு அது தெரியாதே."

செருப்பைக் கழற்றினால் மணல் சுட்டது. லூர்த்தம்மா குதித்துக் குதித்து நடந்தாள். நிழலுக்கு மாற்றினால் கால் இருட்டில் காணாமல் போனது. அதற்குள் கமராவின் பற்றரி விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. ஜெனரேற்றர்காரர் இனி ஞாயிறுதான் சார்ஜ் பண்ணித் தருவார். கசற்றைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறவர் நாளை விடிய வெளிக்கிடுகிறார்.

"ஓடுங்கோ மாமி. வேலியிலையிருந்து கிணறு மட்டும்."

லூர்த்தம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இரண்டு கால்களும் பத்து விரல்களும் படத்துக்குள் வந்தன. விளக்கு அணைந்தது. ஸ்ரெல்லா கமராவை இறக்கினாள்.

விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த லூர்த்தம்மாவின் புருசன் தேவராசா, சுவரிலிருந்த மகனின் நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப, உவன்ரை கால் எங்கை?"