மூன்றாம் மாடிப் பாலம்

மனிதகுலம் இதுவரை கட்டிய பாலங்களிலேயே உன்னதமானது அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒரு கரையில் பழைய கணினி மொழியில் நிரல் எழுதும் மூத்தவர், மறுகரையில் புதுமொழிக்காரர். நடுவில் இடுப்புயரத் தடுப்பு. பழைய நிரல் கூப்பிட்டால் புதிய நிரல் ஓடிவந்து வேலை செய்ய வேண்டும். இந்த மகத்தான உறவைப் பொருத்திவைக்கும் பொறுப்பு ஒரு பெண்மணியுடையது. அலுவலகம் அன்போடு அவளைப் 'பாலம்' என்றது. எல்லாரும் மேலே ஏறி நடந்ததால் பெயர் பொருந்தியது.

அன்று நாலு மணிக்கு மகளின் பள்ளியில் நாடகம். போன இரண்டு நாடகங்களையும் அவள் பார்க்கவில்லை. இந்த முறை மகளுக்கு ராணி வேஷம்.

இரண்டு மணிக்கு முதன்முதலாக இணைத்து ஓட்டினார்கள். நிரல் பொத்தென்று விழுந்தது. நோண்டிப் பார்த்தாள். புதிய நிரல், நினைவகத்தில் ஓர் இடம் பிடித்து விடையை வைத்துக் கொடுக்கிறது. பிறகு யாராவது ஒருவர் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டு பேருமே காலி செய்திருந்தார்கள்; அதில்தான் நிரல் விழுந்தது. பண்பாடு அப்படி.

"சார், ரெண்டு பேர்ல ஒருத்தர் விட்டுடுங்க."

"அவங்களே பண்ணட்டும்மா. என் பக்கத்து வரிய எடுத்துடறேன்" என்றார் மூத்தவர்.

நாலடி தள்ளி இதைக் கேட்டுக்கொண்டிருந்த புதுமொழிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், அவர்கிட்ட சொல்லுங்க, நாங்களும் எடுத்துட்டோம்."

இப்போது காலி செய்ய நாதியில்லை. மூன்று மணிக்கு நினைவகம் நிரம்பி இயந்திரம் நின்றது.

"சார், அவர் இங்கதானே இருக்கார்? நேரா ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"அதுக்குத்தான் நீ இருக்கியேம்மா."

மூன்றரைக்கு 'நினைவகத் துப்புரவு ஒருங்கிணைப்புக் கூட்டம்' கூடியது. ஐந்தரைக்கு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: இனிமேல் பாலமே காலி செய்யும். மேலாளர் நெகிழ்ந்துபோனார். "கண்ணிமைக்கிற நேரத்துல ரெண்டு மொழியும் பேசிக்குது பாருங்க!" மூத்தவரும் புதுமொழிக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கைதட்டினார்கள்.

வீட்டில் மகள் கன்னத்துச் சாயம்கூடக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க, நாடகம் முடிஞ்சுபோச்சுன்னு."

பக்கத்திலேயே இருந்த கணவர் திரும்பினார். "நாடகம் முடிஞ்சுபோச்சாம்."

அவள் கைப்பையை இறக்கிவைத்தாள். மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "நடுவுல அப்பா எதுக்குடி? என்னையே திட்டு."

மகள் அழுதுகொண்டே திட்டினாள், நேராக, முகத்தைப் பார்த்து. மூன்றாம் மாடியில் அத்தனை பெரியவர்களுக்கும் வராத மொழி அது.