நண்டு ஏறிவர நாலு கூழாங்கல்

கருணையாளர்களில் தனி இனம் ஒன்று உண்டு. இவர்கள் மனம் இளக ஒரே நிபந்தனைதான்: எதிரில் இருக்கும் உயிருக்குப் பேச வரக்கூடாது. காக்கை, பூனை, தெருநாய் எல்லாம் தேறிவிடும். பேசுகிற உயிர் என்றால் தொல்லை. அது எதையாவது கேட்டு வைக்கும்.

சுப்புராமனைப் பாருங்கள். சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் பதினாறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் செயலாளர். திருக்கழுக்குன்றத்தில் கழுகு வந்து சோறு தின்னவில்லை என்று அரை நாள் பட்டினி கிடந்தவர். அது ஏன் வரவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை. பக்தியில் அதற்கெல்லாம் இடமேது?

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கோடையில் அவர் மகள் அனு கடற்கரையிலிருந்து ஒரு சங்கு நண்டைக் கொண்டுவந்தாள். காலிச் சங்குக்குள் குடியேறி, அதைச் சுமந்தபடியே தரையில் திரிகிற நண்டு. சுப்புராமன் பிரவுசிங் சென்டரில் நாற்பது பக்கம் அச்செடுத்து வந்து, அடிக்கோடிட்டுப் படித்து, நண்டுக்கு நல்ல தண்ணீர் ஒரு கிண்ணத்திலும் கடல் தண்ணீர் ஒரு கிண்ணத்திலும் வைத்து, உலோகம் ஆகாது என்று இரண்டையும் பீங்கானாக வாங்கி, குழாய்த் தண்ணீரில் குளோரின் போக ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, கடைசியில் இரண்டு கிண்ணத்திலும் கூழாங்கற்களைப் படிபோல அடுக்கினார். நண்டு தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? இந்த நண்டு சாகும். வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்: "இறங்கற உயிருக்கு ஏறி வர வழி வைக்கணும் சார். அதுதான் மனுஷத்தன்மை."

நல்ல வாக்கியம். சலவைக்கல்லில் பொறிக்கலாம்.

அந்தக் குடியிருப்பின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி பத்தடி ஆழம். படி இல்லை, ஏணி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனகோடி இடுப்பில் கயிறு கட்டி இறங்கிச் சேற்றை வாருவார். அந்த முறை இறங்குவதற்கு முன் செயலாளர் வீட்டு வாசலில் நின்றவர் கண்ணில் கிண்ணம் பட்டது.

"இன்னா சார், கல்லெல்லாம் போட்டுகீறீங்க?"

"வாயில்லா ஜீவன்ப்பா. தவறி விழுந்தா யாரைக் கூப்பிடும்?"

"நான் கூப்ட்டேனே சார். போன தபா கயிறு பிடிச்சிகினு இருந்தவரு டீ குடிக்கப் பூட்டாரு. மூச்சு முட்டிகினு முக்கா மணி நேரம் உள்ள நின்னு கத்தினேன். ஒருத்தரும் வர்ல."

"அதான் பத்திரமா வந்துட்டியே. ஏணி விஷயத்தை அடுத்த மீட்டிங்ல வெச்சிருக்கேன்."

"இந்தக் கல்லுக்கு எத்தினி மீட்டிங் போட்டீங்க?"

சுப்புராமன் முகம் சிவந்தது. "வாயை மூடிட்டு இறங்குப்பா."

தனகோடி கயிற்றைச் சுருட்டி அவர் வாசலிலேயே வைத்தார். "ஏணி வந்தா சொல்லி அனுப்புங்க சார். எனக்கு வூட்ல பொண்டாட்டி, புள்ளைங்க கீது."

கூட்டம் உடனே கூடியது. ஏணிக்காக அல்ல, தொழிலாளிகளின் திமிரைக் கண்டித்து. வேறு ஆள் தேடினார்கள். தனகோடி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வாரம் குழாயில் மஞ்சள் தண்ணீர் வந்தது. பதினாறு வீட்டாரும் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள்.

நண்டு பொறுக்கவில்லை. ஒரு நாள் வைத்திருந்தும் நாற்றம் போகாத அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுச் சங்குக்குள் போனதுதான். இரண்டு நாளாக வெளியே வரவில்லை. சுப்புராமன் துடித்துப்போனார். "கேன் தண்ணியை ஊத்துங்களேன்" என்றார் மனைவி சகுந்தலா. "அது என்ன தண்ணியோ, யாருக்குத் தெரியும்? நம்பி எப்படி வைக்கறது?" என்றார் சுப்புராமன். குடும்பமே அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை இரும்பு ஏணி வந்து இறங்கியது. மீட்டிங் இல்லை, தீர்மானம் இல்லை. தனகோடி அதை இரண்டு முறை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தார். வேலை முடித்து, தானாகவே ஏறி வந்து, ஈரக் கையோடு சொன்னார்: "சார், அந்த நண்டுக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லிடுங்க."

சுப்புராமன் உண்மையாகவே போய்ச் சொன்னாராம்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனம் இல்லை, தெரியும். இருந்தாலும், இதை மடித்து வைத்துவிட்டு உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஏணி இருக்கிறதா? மூடி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லையா? சரி, உங்கள் நண்டு எப்படி இருக்கிறது?