மச்சான் கொடுத்த கட்டிலும் ஓசியில் வந்த படகும்

சதுரங்கப்பட்டினம்,
நவம்பர் 14.

கர்த்தருக்குள் மிகுந்த மதிப்புக்குரிய பெரிய மச்சான் ஜெபக்குமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் செல்வராஜ் ஸ்தோத்திரம் சொல்லித் தாழ்மையுடன் எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நாங்கள் அனைவரும் சுகம் என்று எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தால், வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். நானும் சுகமாக இல்லை. ரெபேக்காள் பொத்தேரியில் உங்கள் வீட்டில் இருப்பதால், அங்கே அனைவரும் சுகமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அவள் கோபித்துக்கொண்டு கிளம்பி இன்றோடு பதினோரு நாள். என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரே டிக்கோடு நிற்கிறது. நேற்று நீங்களே கூப்பிட்டு, "இன்னா மாப்ள, இவ அழுதுகினே கீறா. அந்தக் கட்டிலை அறுத்துட்டியாமே? நெசமாவே அறுத்துட்டியா?" என்று இரண்டு தரம் கேட்டீர்கள். உங்கள் குரல் நடுங்கியது. நான் "சிக்னல் இல்ல மச்சான்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. தைரியம்தான் இல்லை. அதனால்தான் தாள் எடுத்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம் மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு ரிசார்ட்டை மூடினார்கள். டூரிஸ்டுகளைக் கடலில் சுற்றிக்காட்டி ஓய்ந்துபோன ஒரு பழைய ஃபைபர் ஸ்பீட் போட் அவர்களிடம் கிடந்தது, பதினாறடி. இடத்தைக் காலி செய்தால் போதும், சும்மா எடுத்துப் போங்கள் என்றார் ரிசார்ட் மேனேஜர். "வெளிய ஜோரா கீது சார், உள்ள மட்டும் கொஞ்சம் வேலை கீது" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். அந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே மச்சான், அதுதான் என் குடித்தனத்தை முழுங்கியது. டிராக்டரில் வைத்து அதை வாசலில் இறக்கினபோதே ரெபேக்காள் சொன்னாள்: "ஓசில குடுத்தா பினாயிலக் கூட குடிப்பே நீ." நான் ஏன் எடுத்தேன் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. கல்யாணமான ரெண்டாவது வாரம் நாங்கள் மாமல்லபுரம் போயிருந்தோம். இதே மாதிரி ஒரு போட் கடலில் நுரை கிளப்பிக்கொண்டு போனது. "இன்னாங்க, அதுல ஒருவாட்டி போலாமா?" என்று கேட்டாள். அடுத்த மாசம் போகலாம் என்றேன். அந்த அடுத்த மாசம் முப்பத்தொரு வருஷமாக வரவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் பம்ப்புகளோடு காலம் போனது, கடலை ஸ்டாஃப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. ரிட்டயர் ஆன பிறகாவது அவளைச் சொகுசாக உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப்போக ஆசைப்பட்டேன். இது குற்றமா?

குற்றம்தான் என்று படகின் உள்ளே கால் வைத்ததும் தெரிந்தது. தரைப் பலகை டீயில் ஊறின ரஸ்க் மாதிரி இருந்தது, என் வலது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. அடியில், படகு மிதப்பதற்காக நுரைப் பஞ்சு அடைத்திருப்பார்கள். அது இருபது வருஷத் தண்ணீரைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. நாலு நாள் சுரண்டினேன். எதால் சுரண்டினேன் என்றால் அவளுடைய தோசைத் திருப்பியால். நாலாம் நாள் அது வளைந்தது, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி மட்டும்தான் என்று சட்டம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். உள்பக்கச் சுவரை வழவழப்பாக்க கிரைண்டர் மிஷின் வாங்கி வந்து தேய்த்தேன். தேய்த்த நாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமை எங்கள் வராண்டாவில் பெண்கள் ஜெபக்கூட்டம் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. ஃபைபர் தூள் காற்றோடு போனது. முதலில் பாஸ்டரம்மா கழுத்தைச் சொறிந்தார்கள். பிறகு வசந்தா டீச்சர். பிறகு வரிசையாகப் பதினாலு பேரும் கைகளை உயர்த்தி, உடம்பை முறுக்கி, துள்ளினார்கள். இன்றைக்குப் பரிசுத்த ஆவி இறங்கி ஏதோ பெரிய எழுப்புதல் என்று பாஸ்டரம்மா ஒரு நிமிஷம் நம்பிவிட்டார்கள். அப்புறம் தண்ணீர் கேட்டார்கள். இப்போது ஜெபக்கூட்டம் வேறு வீட்டில் நடக்கிறது. ரெபேக்காள் அங்கே போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடைவெளி விடுகிறார்களாம். எனக்கு இன்னும் அரிக்கிறது, இதை எழுதும்போதும்.

அடுத்தது ரெசின், ஃபைபர் மேல் பூசுகிற பிசின். கெட்டியாக்குகிற மருந்து சொட்டுக் கணக்கில் ஊற்ற வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. ஒரு நட்டைக்கூட அளவு மீறி முறுக்காதவன் நான். மூக்குக்கண்ணாடியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்ததால் மூடிக் கணக்கில் ஊற்றிவிட்டேன். மாவு டப்பாவில் கலக்கிக்கொண்டு இருக்கும்போதே புகை வந்தது, பிறகு கலக்கவே முடியவில்லை. அந்த டப்பாவும் ரெசினும் கரண்டியும் இப்போது ஒரே பொருள். ஜன்னலோரம் நிற்கிறது. வருகிறவர்கள் ஏதோ கோப்பை ஜெயித்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

சீட்டுக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எல்லப்பன் என்று ஒருவனைப் பிடித்தேன். ஷேர் ஆட்டோவுக்கு சீட்டு அடிப்பதில் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள். "போட்டுன்னா இன்னா சார், சீட்டுன்னா சீட்டுதானே? அளவைக் குடு, அடிச்சுத் தள்ளிர்றேன்" என்றான். எனக்கு மனதில் இருந்தது இரண்டு பேருக்கு மெத்தென்று, வெளிர் நீலத்தில். அவன் கொண்டு வந்தது சிவப்பும் மஞ்சளுமாக ரெக்சின். "பின்னாடி நாலு, எதிர்ல மூணு, டிரைவருக்கு இந்தாண்ட ஒண்ணு அந்தாண்ட ஒண்ணு. ஒம்பது டிக்கெட்டு சார்!" என்றான். "யோவ், அந்தாண்ட குந்துறவன் கடல்ல வுழுவான்யா" என்றேன். "ஷேர் ஆட்டோல வுழறானா சார்? புடிச்சிக்குவான்" என்றான். முதுகு சாய்கிற இடத்தில் மஞ்சள் எழுத்தில் 'பிரசவத்துக்கு இலவசம்' என்று தைத்திருந்தான். அதையாவது பிரித்து எடு என்றால், அது இல்லாமல் சீட்டு கொடுத்ததே இல்லையாம், ராசியாம். நம் குப்பத்து மீன்காரப் பிள்ளைகள் தினமும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "அண்ணாத்த, திருக்கழுக்குன்றம் போவுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இனிமேல் எழுதுவதற்குத்தான் கை வரவில்லை. கட்டில்.

நீங்கள் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த யாரும் அதைப் பார்க்காமல் போனதில்லை. "எங்க அண்ணன் குடுத்தது, பர்மா தேக்கு" என்று கரண்டு மீட்டர் பார்க்க வந்தவரைக்கூடக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். அவளுக்கு முதுகுவலி வந்து டாக்டர் தரையில் படுக்கச் சொன்ன பிறகு, ஐந்து வருஷமாக அது பின்னறையில் அரிசி மூட்டையையும் கிறிஸ்துமஸ் ஸ்டார்களையும் சுமந்துகொண்டு கிடந்தது. உங்கள் வீட்டுக்காரம்மா ஜாக்குலின் அக்காவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக ரெபேக்காள் உங்கள் வீட்டுக்கு வந்தாளே, அந்த நாலு நாளில்தான் தச்சர் கருப்பன் படகின் தரையைப் பார்க்க வந்தான். "பிளைவுட்டு போட்டா மறுபடியும் ஊறிப் பூடும் சார். தேக்கு இருந்தா காலத்துக்கும் நிக்கும்" என்றான். என் கால் தானாகப் பின்னறைக்குப் போனது. பிசாசு கூட்டிப்போனான் என்றுதான் சொல்ல வேண்டும். அறுக்க ஆரம்பித்ததும் கருப்பன் தூளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது யாரு சார் குடுத்தது?" என்று கேட்டான். "என் பெரிய மச்சான். பர்மா தேக்கு. அந்தக் காலத்துல இப்படி ஒரு கட்டில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னேன். அவன் "ஓ" என்றான். அதற்குப் பிறகு சாயந்திரம்வரை பேசவில்லை. அவனுக்கே மனசு கஷ்டமாகிவிட்டது என்று நினைத்தேன்.

தலைமாட்டுப் பலகையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இரண்டு புறாவும் செதுக்கியிருக்குமே, அதை மட்டும் அறுக்கவிடவில்லை. முழுசாக ஸ்டியரிங் முன்னால் பதித்தேன். இந்தப் பக்கம் ஒரு புறா, அந்தப் பக்கம் ஒரு புறா. ரெபேக்காள் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று மனதார நம்பினேன் மச்சான். சத்தியமாக நம்பினேன். அவள் பொத்தேரியிலிருந்து வந்து இறங்கினாள். கையில் பையோடு படகின் ஓரம் நின்று பார்த்தாள். புறாவைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "எங்க அண்ணன் குடுத்த கட்டிலு மேல செருப்புக் காலோட நிக்கிறியே" என்றாள். குனிந்து பார்த்தேன், செருப்போடுதான் நின்றுகொண்டிருந்தேன். பிரிக்காத அதே பையோடு வந்த வழியே திரும்பிப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் விடாத மழை. தார்ப்பாய் கிழிந்து, தரைப் பலகை ஒவ்வொன்றும் பூரி மாதிரி உப்பி, எல்லப்பனின் சீட்டையெல்லாம் நெம்பித் தூக்கிவிட்டது. தலைமாட்டுப் பலகை நடுவில் வெடித்து, புறா ஒரு பக்கம் புறா ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. அதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. தேக்கே இப்படி ஆகிறது என்றால் தப்பு என் கையில்தான். நான் பூசின ரெசின் சரியில்லை, நான் சரியில்லை. பன்னும் டீயுமாகப் பதினோரு நாள் ஓட்டிவிட்டேன். காலையில் எழுந்து இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிடுகிறேன், அப்புறம் ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். வாயலூர் ஜெகதீசன் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றான். சனிக்கிழமை வந்து படகை எடுத்துப் போகிறான். சீட்டு வேண்டாம் என்கிறான், மாடு மிரளுமாம். உங்கள் சீரைப் பாழாக்கினதற்கு உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அண்ணன் சொன்னால் அவள் தட்டமாட்டாள்.

ஜாக்குலின் அக்காவின் கண்ணுக்கு நல்ல பார்வையும், உங்கள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற காலேஜ் பிள்ளைகளுக்கு அரியர் இல்லாத பாஸும், எனக்கு என் பெண்டாட்டியும் கிடைக்க ஆண்டவர் கிருபை செய்வாராக.

கண்ணீரோடும் அரிப்போடும்,
உங்கள் அன்பு மாப்பிள்ளை
செல்வராஜ்.

பின்குறிப்பு: இதைத் தனித் தாளில் எழுதுகிறேன், உங்கள் கண்ணுக்கு மட்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள். கவரை ஒட்டப்போகும் நேரத்தில் கருப்பன் வந்தான். உப்பின பலகையில் ஒரு சில்லை உடைத்து முகர்ந்தான். "சார், அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ பெருமையா பேசிகினு இருந்தே, எனக்கு வாய் வரல. தேக்குன்னா அறுக்கசொல்லோ வாசனை தூக்கும். மூணு நாள் மழைக்கு இப்புடி உப்பாது. இது தூங்குமூஞ்சி மரம் சார். மேல தேக்கு கலர்ல பாலீஷ்" என்றான். தூங்குமூஞ்சி மரம், மச்சான். ரோட்டோரம் நிழலுக்கு நிற்குமே, அதுதான். நேற்று போனில் உங்கள் குரல் ஏன் நடுங்கியது என்று இப்போது விளங்குகிறது. மரக்கடைக்காரன்தான் உங்களை ஏமாற்றியிருப்பான், அப்படியே நானும் நம்புகிறேன். ரெபேக்காளிடம் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவும் மாட்டேன். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். மேலே கேட்ட மன்னிப்பில் கட்டிலுக்கு உண்டானதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், செருப்புக்கு உண்டானது அப்படியே இருக்கட்டும். ஜெகதீசனுக்குப் போன் போட்டு, படகை எடுக்க வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நீங்களே ரெபேக்காளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வரும்போது வண்டியில் ஆறடி நீளத்தில் எட்டுப் பலகை ஏற்றி வாருங்கள், தேக்கு. கருப்பன் இங்கேயே இருப்பான். முகர்ந்து பார்த்துத்தான் இறக்குவான்.