வால்வுக்குள் ஒரு மனிதக் குரல்

“தாத்தா எப்படிப்பா ஸ்பீக்கருக்குள்ள போனாரு?”

என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்ட இந்தக் கேள்விக்கு, மனிதக் காதின் வரலாற்றில் நிரந்தர இடம் உண்டு. அன்றுதான் எங்கள் ‘நல்லொலி மன்றம்’ ஒலியின் அடி ஆழத்தைத் தொட்டது.

மன்றம் கூடுவது அவள் அப்பாவான என் மச்சானின் முன்னறையில். அவர் பழைய ரேடியோவில் ஒளிருமே, அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்து, தம் கையாலேயே ஈயம் பற்றவைத்து ஆம்ப்ளிஃபயர் செய்தவர். அதற்கேற்ற வால்வு எது, ஸ்பீக்கர் எது என்று தேர்ந்தெடுப்பதே மன்றத்தின் லட்சியம். அது சம்பந்தம் பேசுவதைவிடக் கடினம். ஆம்ப்ளிஃபயருக்குச் சக்தி குறைவு. மெல்லத் தட்டினாலே வாய்விட்டுப் பேசுகிற ஸ்பீக்கர் வேண்டும். வால்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற ஜோடியாக அமைய வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாவின் மெஷின் சத்தம் இந்த ஆராய்ச்சிக்கு இடையூறாக இருந்தது. ‘ஞாயிறு காலை தைக்க வேண்டாம். இசை நடைபெறுகிறது’ என்று அவர் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். அவர் மறுபேச்சில்லாமல் மெஷினை மூடிவைத்தார். மன்றம் இதை ‘ஒத்துழைப்பு’ என்று பாராட்டியது.

அன்று பஞ்சில் பொதிந்து ஒரு ஜோடி வால்வு வந்திருந்தது. மாட்டினோம். பாட்டு தொடங்கியதும் மன்ற உறுப்பினரான பல் டாக்டர் கையைத் தூக்கினார்.

“உஷ்! பாடகிக்குப் பின்னால ஒரு ஆம்பளைக் குரல். கேக்குதா?”

“அட ஆமாங்க!” என்றார் பேங்க் மேனேஜர். “எத்தனை வருஷமா கேக்கிற பாட்டு! இப்படி ஒரு குரல் இருந்ததே தெரியாம போச்சே!”

மச்சானுக்குக் கண் கலங்கியது. “பழைய வால்வுல அமுங்கிக் கெடந்திருக்கு, மாப்ள.”

“ரொம்ப வலியோட பாடறாரு,” என்றார் மேனேஜர்.

“வலி இல்லாம என்னங்க இசை? ஸ்பீக்கரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பாருங்க.”

திருப்பினோம். பாடகி மங்கினாள், குரல் தெளிந்தது.

அப்போதுதான் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டது.

“பெரியவங்க கேட்டுக்கிட்டிருக்கோம்ல? அந்தப் பக்கம் போம்மா,” என்றார் மச்சான்.

பாட்டு முடிந்தது. குரல் முடியவில்லை.

“எதிரொலி எவ்வளவு நேரம் நிக்குது பாருங்க!” என்று சிலிர்த்தார் டாக்டர்.

சற்று நேரத்தில் உள்கதவு திறந்தது. மச்சானின் அப்பா, முழுக்க நனைந்து, தையல்கார அம்மாவின் தோளைப் பிடித்தபடி நின்றார். குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார்.

“பின்கதவு திறந்துதாங்க இருந்துச்சு,” என்றார் அந்த அம்மா. “மெஷின் ஓடலையா, அதான் ஐயா கூப்பிட்டது கேட்டுச்சு.”

பெரியவர் மகனைப் பார்த்தார். “ரொம்ப நேரமா கூப்பிட்டேன்டா. பாட்டு கேட்டுக்கிட்டிருந்தியா? பரவாயில்ல.”

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார். “அப்போ… இந்த வால்வுல அந்தக் குரல் வராதா?”

அடுத்த ஞாயிறும் மன்றம் கூடியது. அதே வால்வு, அதே ஸ்பீக்கர். ஆழம் மட்டும் வரவில்லை. பெரியவரை மறுபடி விழச் சொல்லித் தீர்மானம் போடும் அளவுக்கு மன்றம் இன்னும் வளரவில்லை. மச்சான் தம் இடத்தில் இல்லை. உள்ளே பெரியவர் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறை வாசலில் மச்சான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் கடகடத்தது.

“நோட்டீஸ் ஒட்டினோமே, அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா?” என்று கொதித்தார் டாக்டர்.

எழுந்து போய்ப் பார்த்தேன். கதவில் நோட்டீஸ் இல்லை, பசைத் தடம்தான் இருந்தது. வெகுநாளாக எரியாமல் கிடந்த மெஷின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

“துணி குடுக்கப் போயிருந்தப்ப யாரோ வந்து சரி பண்ணிட்டுப் போயிருக்காங்க தம்பி. யாருன்னுதான் தெரியல,” என்றார் அந்த அம்மா.

குனிந்து பார்த்தேன். விளக்கின் கம்பியில் புதிதாக ஈயம் பற்றவைத்திருந்தது. அவ்வளவு வழவழப்பான பற்றவைப்பு இந்தத் தெருவில் ஒரே ஒருவர் கைக்குத்தான் வரும்.

திரும்பி வந்தபோது மன்றம் ஒருமனதாக முகம் சுளித்துக்கொண்டிருந்தது. எங்கள் உறுப்பினர்களுக்குக் காது அபாரம்; இரண்டு சுவர் தாண்டி ஓடும் தையல் மெஷின்கூடத் துல்லியமாகக் கேட்கிறது.